பெயருக்கு உறுதி கேட்ட கதை

பத்திரிகைக் காரியாலயத்தில் நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம் செய்தி எழுதுவது பற்றியதன்று. மரண அறிவித்தலை ஏற்பது பற்றியது. தொலைபேசியில் ஒருவர் அழைத்து, இன்னார் காலமாகிவிட்டார், நாளைய பத்திரிகையில் அறிவித்தல் வரவேண்டும் என்பார். குரலில் துக்கமும் இருக்கும். ஆயினும் அந்தக் குரலை மட்டும் நம்பி ஒரு வரியும் அச்சுக்குப் போகக்கூடாது. அழைத்தவர் தரும் இலக்கத்துக்கே திருப்பி அழைத்து விசாரிப்பதிலும் பயனில்லை. பொய் சொல்ல வந்தவர் தம்முடைய இலக்கத்தைத்தானே தருவார்? தொலைபேசி விபரக்கொத்தை எடுத்து, அந்தக் குடும்பத்தின் பெயரில் அச்சாகியிருக்கும் இலக்கத்தைத் தேடி, அதற்கு அழைத்துக் கேட்கவேண்டும். உயிரோடிருப்பவருக்கு மரண அறிவித்தல் பிரசுரித்துவிட்டு மறுநாள் மன்னிப்புக் கோருவதைப்போல் ஒரு பத்திரிகைக்கு அவமானம் வேறில்லை என்று எனக்குப் பாடம் சொன்ன மூத்தவர் அடிக்கடி கூறுவார்.

பல ஆண்டுகளின் பின்னர் அந்தப் பாடம் நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் நினைவுக்கு வந்தது.

எனது நண்பர் ஒருவர் கொழும்பில் சிறியதோர் அச்சகமும் பதிப்பகமும் நடத்தி வருகிறார். நெடுங்காலமாக இலவச மின்னஞ்சல் முகவரியொன்றையே தொழிலுக்கும் பயன்படுத்தி வந்தார். அந்த முகவரியில் ஓரெழுத்தை மட்டும் மாற்றி யாரோ ஒருவர் புதிய முகவரியொன்றைத் திறந்து, வெளிநாட்டில் வாழும் அவரது வாடிக்கையாளருக்கு, 'எமது வங்கிக் கணக்கு மாறியுள்ளது' என்று எழுதிவிட்டார். நூலொன்றை அச்சிட்டதற்கான பணம் வேறெங்கோ போய்ச் சேர்ந்தது. அதன் பின்னரே, அச்சகத்தின் இணையத்தளத்துக்கென ஏற்கனவே இருந்த சொந்தப் பெயரிலேயே மின்னஞ்சலையும் வைத்துக்கொள்வதென நண்பர் தீர்மானித்தார்.

வர்த்தக மின்னஞ்சல் சேவையொன்றில் பணம் செலுத்தினார். சேவை அவரிடம் முதலிற் கேட்ட கேள்வி, 'இந்தப் பெயர் உம்முடையதுதானா?' என்பதே. பொருளற்ற எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட சொல்லொன்றைத் தந்து, அதனை அவருடைய ஆள்களப் பெயரின் பதிவுகளில் எழுதிவைக்கும்படியும், தாம் சென்று பார்த்து உறுதிப்படுத்திக்கொள்வதாகவும் கூறியது. நண்பர் எழுதிவைத்தார். 'உறுதிப்படுத்த இயலவில்லை' என்று பதில் வந்தது. மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் அவர் என்னை அழைத்தார். நான் தொழில்நுட்பம் கற்றவனல்லேன். பழைய விடயங்களைத் தோண்டுவது மட்டுமே எனக்குத் தெரிந்த தொழில். அந்த வழியிலே தேடியபோது, நண்பருக்கு நேர்ந்த ஒவ்வொரு தடங்கலுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருப்பதைக் கண்டேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ரே ரொம்லின்சன் என்ற பொறியியலாளர், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பின் ஊடாகக் கடிதம் அனுப்பும் நிரலை எழுதினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு அவர் தெரிந்தெடுத்த குறியே இன்று நாம் எல்லோரும் மின்னஞ்சல் முகவரியில் இடும் 'அற்' குறியாகும். அப்போது வலையமைப்பில் இருந்த கணினிகள் மிகச் சில. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரேயொரு பட்டியலில் அடங்கின. கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரிலிருந்த எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையிலான குழுவினர் அந்தப் பட்டியலைப் பேணி வந்தனர். புதிய கணினியொன்றைச் சேர்க்க விரும்புவோர் அவர்களுக்கு அறிவிப்பர். ஏனையோர் பட்டியலைப் பிரதி செய்துகொள்வர். உண்மையில் அது ஒரு தொலைபேசி விபரக்கொத்துத்தான். கேட்பவர் யார் என்பது கொடுப்பவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருந்தபடியால் உறுதி கேட்கவேண்டிய தேவை எழவில்லை.

1980களின் ஆரம்பத்தில் கணினிகள் பெருகின. ஒரே இடத்திலிருந்து ஒரே பட்டியலைப் பேணுவது இயலாததாயிற்று. அச்சமயம் இணைய எண்களுக்கும் பெயர்களுக்கும் பொறுப்பாயிருந்த ஜோன் பொஸ்ரல், இதற்கொரு வழி காணும் பணியைத் தம்முடன் பணியாற்றிய போல் மொக்கபெற்றிஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். 1983 நவம்பரில் மொக்கபெற்றிஸ் வெளியிட்ட இரு ஆவணங்களில் இன்றைய ஆள்களப் பெயர் முறைமை பிறந்தது.

அதன் அடிப்படை அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தலாகும். முழுப் பட்டியலும் எவரிடமும் இல்லை. ஒரு கிராமத்தில் ஒருவர் வசிக்கிறாரா என்று கொழும்பில் உள்ள அமைச்சிற் கேட்டால், அது இன்ன மாவட்டம், கச்சேரியிற் கேளுங்கள் என்பார்கள். கச்சேரி பிரதேச செயலகத்தைக் காட்டும். அது கிராம சேவகரைக் காட்டும். இறுதி விடை கிராம சேவகரின் புத்தகத்தில் மட்டுமே இருக்கும். ஆள்களப் பெயரும் அவ்வாறே. ஒரு பெயரின் பதிவுகளைச் சொல்லும் அதிகாரம் எந்தச் சேவையகத்துக்குக் கையளிக்கப்பட்டிருக்கிறதோ, அதன் வாக்கே செல்லுபடியாகும்.

நண்பரின் முதலாவது பிழை இங்கேயே வெளிப்பட்டது. இணையத்தளத்தின் கோப்புகள் இருந்த வாடகைச் சேவையகத்தின் கடவுச்சொல் அவரிடம் இருந்தது. அங்கே ஆள்களப் பதிவுகளை எழுதுவதற்கும் ஒரு பக்கம் இருந்தது. அதில் அவர் எழுதியது ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பெயருக்கான அதிகாரம் அங்கே கையளிக்கப்பட்டிருக்கவில்லை. பெயரைப் பதிவு செய்துகொடுத்த வேறொரு நிறுவனத்தின் சேவையகங்களிடமே அது இருந்தது. வேறொரு கிராம சேவகரின் புத்தகத்தில் நம் பெயரை எழுதிவிட்டு, நம்முடையவர் ஏன் எம்மை அறியவில்லை என்று வியந்த கதைதான். உறுதிப்படுத்தல் தவறும்போது முதலிற் பார்க்கவேண்டியது, இந்தப் பெயருக்கு அதிகாரமுடைய பெயர்ச் சேவையகங்கள் எவை என்பதையே. எந்தக் கணினியிலிருந்தும் ஒரு வரிக் கட்டளையால் அதனை அறியலாம்.

அறிந்துகொண்டோம். ஆனால் அந்தக் கணக்கின் திறப்பு நண்பரிடம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் இணையத்தளத்தைச் செய்துகொடுத்த இளைஞர், தமது சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலும் அந்தப் பெயரைப் பதிந்திருந்தார். அவர் நாட்டை விட்டுச் சென்று நீண்ட காலமாகிவிட்டது. ஆண்டுதோறும் கட்டணத்தை அவரே ஓசையின்றிச் செலுத்தி வந்திருக்கிறார். அச்சகத்தின் பெயர்ப்பலகையும் கடிதத் தலைப்பும் நண்பருடையவை. பெயரின் உறுதியோ இன்னொருவர் பெயரில் இருந்தது. காணி வழக்கென்றால் பத்து வருட ஆட்சியைக் காட்டியாவது வாதாடலாம். பெயர்ச் சேவையகத்தின் முன் அந்த வாதம் எடுபடாது.

இளைஞரின் தாயாரைத் தேடிச் சென்று, அவர் மூலம் மகனுடன் பேசினோம். அவர் மறு பேச்சின்றி அன்றிரவே கணக்கைக் கையளித்தார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளிலும் இங்கும் எத்தனையோ ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், சஞ்சிகைகள் ஆகியவற்றின் பெயர்கள் யாரோ ஒரு தொண்டரின் கணக்கில் இருக்கின்றன. அவர் விலகினாலோ, காலமானாலோ, கட்டணம் செலுத்த மறந்தாலோ அந்தப் பெயர் கைநழுவிப் போகும். பெயருக்குக் கட்டணம் என்பதே பிற்காலத்து ஏற்பாடுதான். 1995 செப்டெம்பர் வரை டொட் கொம் பெயர்கள் இலவசமாகவே வழங்கப்பட்டன. அதன் பின்னரே ஆண்டுக்கு 50 டொலர் என்ற கட்டணம் வந்தது.

உரிய இடத்தில் எழுதினோம். மீண்டும் தவறியது. இம்முறை காரணம் ஒரு புள்ளி. 1987 நவம்பரில் மொக்கபெற்றிஸ் தமது ஆவணங்களைத் திருத்தி வெளியிட்டபோது, பதிவுக் கோப்பை எழுதும் முறையையும் வகுத்தார். புள்ளியில் முடியாத எந்தப் பெயரும் குறைப்பெயர் எனக் கொள்ளப்படும். அதன் பின்னால் ஆள்களப் பெயர் தானாகவே ஒட்டிக்கொள்ளும். தட்டச்சுச் செய்வோரின் சிரமத்தைக் குறைப்பதற்கான வசதி அது. இன்றைய பதிவுப் பக்கங்கள் பலவும் அந்த வழக்கத்தையே தொடர்கின்றன. நண்பரோ பெயருக்குரிய கட்டத்தில் முழுப் பெயரையும் எழுதியிருந்தார். 'அச்சகம்.எல்கே' என்று எழுதினால் 'அச்சகம்.எல்கே.அச்சகம்.எல்கே' என்றாகிவிடும். எவரும் தேடிச் செல்லாத அந்த இரட்டைப் பெயரின் கீழ் எமது சொல் அநாதையாகக் கிடந்தது.

அதையும் திருத்தினோம். உடனே பலன் கிட்டவில்லை. வலையமைப்பின் இணைப்புகள் மந்தமாயிருந்த காலத்தில், ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் தொலைவுக்கு அனுப்பாதிருக்க ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒவ்வொரு விடைக்கும் ஆயுட்காலம் ஒன்றை நொடிகளில் குறித்து அனுப்புவார்கள். அது முடியும்வரை கேட்டவர் விடையை நினைவில் வைத்திருக்கலாம். 1998 மார்ச்சில் வெளியான ஆவணமொன்று, 'அப்படியொன்று இல்லை' என்ற விடையையும் அவ்வாறே நினைவில் வைத்திருக்கவேண்டும் என விதித்தது. நண்பர் பதிவு எழுதப்படும் முன்னரே பொறுமையிழந்து உறுதிப்படுத்தும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். அந்த அமுக்கல்களால் 'இல்லை' என்ற விடை நினைவில் பதிந்திருக்கக்கூடும். எழுதிவிட்டு, அதிகாரமுடைய சேவையகத்தையே நேரடியாகக் கேட்டுச் சரிபார்த்து, அதன் பின்னரே பொத்தானை அமுக்குவதே முறை. தேநீர் குடித்து, மதிய உணவும் முடித்து வந்தபோது, 'உறுதிப்படுத்தப்பட்டது' என்ற செய்தி காத்திருந்தது.

சேவைக்காரர் ஏன் இத்தனை கெடுபிடி செய்கிறார் என நண்பர் கேட்டார். 2006இல் கூகிள் நிறுவனம், பிறருடைய ஆள்களப் பெயர்களுக்கும் தன் மின்னஞ்சல் சேவையை வழங்கத் தொடங்கியது. ஏனைய பெரு நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. கேள்வியின்றிப் பெயர்களை ஏற்றால், எவரும் அடுத்தவரின் பெயரைத் தம் கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாம். உண்மையான உரிமையாளர் வரும்போது கதவு பூட்டியிருக்கும். ஆதலால் அவர்கள் கைக்கொண்டது எனது மரண அறிவித்தல் முறையையே. கேட்பவரின் வாயை நம்புவதில்லை. அவர் கையில் ஒரு சொல்லைக் கொடுத்து, பொது விபரக்கொத்தில் அது தோன்றுகிறதா என்று தாமே சென்று பார்க்கிறார்கள்.

அந்தச் சொல்லை எழுதும் இடமும் 1987இல் உருவானதே. பதிவு வகைகளை வரையறுத்தபோது, எதற்கும் உதவக்கூடிய வெறும் எழுத்துகளை வைக்க ஒரு வகையையும் சேர்த்தார்கள். ரி.எக்ஸ்.ரி. என்பது அதன் பெயர். வீட்டின் பின்னால் இறக்கிய பத்தியில் காலப்போக்கில் விறகு, சைக்கிள், உரல் எல்லாம் போய்ச் சேர்வதைப்போல, பிற்காலத்து ஏற்பாடுகள் பலவும் அந்தப் பதிவிலே குடியேறின.

உறுதிப்படுத்தியதோடு கதை முடியவில்லை. சில கடிதங்கள் புதிய பெட்டிக்கும் சில பழைய பெட்டிக்கும் போயின. 1986 ஜனவரியில் கிறெய்க் பார்ட்றிட்ஜ் என்பவர் எழுதிய ஆவணம், ஒரு பெயருக்குரிய அஞ்சலை எந்தச் சேவையகம் ஏற்கும் என்பதை எம்.எக்ஸ். என்ற பதிவால் சொல்லும் முறையை நிறுவியது. பல சேவையகங்களைக் குறிக்கலாம். சிறிய எண் உடையதற்கே முதலிடம். பழைய சேவையகத்தின் பதிவை நண்பர் அழிக்காமல், புதியதற்கு நிகரான எண்ணோடு விட்டிருந்தார். அழித்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்து, அவர் அனுப்பிய கடிதங்கள் வாடிக்கையாளர்களின் குப்பைப் பெட்டியில் விழுந்தன. இதன் வேர் இன்னும் ஆழமானது. 1982 ஆகஸ்டில் பொஸ்ரல் வெளியிட்ட அஞ்சல் நடைமுறை, அனுப்புபவர் தம்மை யாரென்று கூறுகிறாரோ அதை அப்படியே ஏற்றது. கடித உறையின் பின்புறத்தில் எவரும் எவருடைய விலாசத்தையும் எழுதலாம் என்பதைப் போன்றது அது. 1978 மே மாதத்திலேயே, கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளர் சுமார் 400 பேருக்குக் கேளாத விளம்பரத்தை அனுப்பிக் கண்டனத்துக்கு ஆளாகியிருந்தார். எனினும் கயவர்கள் கூட்டமாக வருவார்கள் என அன்று எவரும் எண்ணவில்லை.

அவர்கள் வந்த பின்னரே பூட்டுகள் தேடப்பட்டன. இந்தப் பெயரில் அஞ்சல் அனுப்பும் அதிகாரம் இன்னின்ன சேவையகங்களுக்கே உண்டு என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். முறை 2006 ஏப்ரலில் ஆவணமாயிற்று. ஒவ்வொரு கடிதத்திலும் இலக்கமுறை முத்திரை பதிக்கும் டி.கே.ஐ.எம். முறை 2007 மே மாதத்தில் வந்தது. இவ்விரண்டும் தவறினால் என்ன செய்யவேண்டும் எனப் பெறுபவருக்குக் கூறும் டிமார்க் 2015 மார்ச்சில் ஆவணமாயிற்று. மூன்றும் குடியேறியது அதே ரி.எக்ஸ்.ரி. பத்தியிலேதான்.

எஸ்.பி.எஃப். வரி ஒரு பெயருக்கு ஒன்றுதான் இருக்கலாம். நண்பரிடம் இரண்டு இருந்தன. பழைய சேவைக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. இரண்டு இருந்தால் எதையும் நம்பாமல் பிழையெனத் தள்ளுவதே விதி. இரண்டையும் ஒரே வரியாக இணைக்கவேண்டும். அந்த வரியைப் படிக்கும்போது பிற பெயர்களைத் தேடிச் செல்லும் தடவைகளும் பத்தைத் தாண்டலாகாது.

முத்திரையிலும் தடங்கல் இருந்தது. 2012இல் சக்கரி ஹரிஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், தமக்கு வந்த வேலைவாய்ப்புக் கடிதத்தை ஆராய்ந்தபோது, கூகிளின் முத்திரைத் திறப்பு வெறும் 512 பிற் நீளமுடையதாயிருப்பதைக் கண்டு அதனை உடைத்துக் காட்டினார். அதன் பின்னர் நிறுவனங்கள் திறப்புகளை நீளமாக்கின. 2018இல் வெளியான ஆவணம் 2048 பிற் நீளத்தைப் பரிந்துரைத்தது. ஆனால் அதனை எழுத்தில் எழுதினால் ஏறக்குறைய 400 எழுத்துகள் வரும். 1987இன் ஏற்பாட்டின்படி ஒரு துண்டில் 255 எழுத்துகளே அடங்கும். எனவே துண்டுகளாகப் பிரித்து எழுதவேண்டும். பிரிக்கத் தெரியாத பதிவுப் பக்கங்கள் மீதியை வெட்டிவிடுகின்றன. நண்பரின் திறப்பும் பாதியில் வெட்டுண்டு கிடந்தது.

இவையெல்லாம் இன்று விருப்பத்துக்குரிய அலங்காரங்கள் அல்ல. 2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாகூவும் பெருமளவில் அஞ்சல் அனுப்புவோருக்கு இவற்றைக் கட்டாயமாக்கின. 2025 மே மாதத்தில் மைக்ரோசொஃப்டும் அவ்வழியைப் பின்பற்றியது. சந்தாதாரர்களுக்கு மடல் அனுப்பும் சஞ்சிகை ஆசிரியர்கள் இதனைக் கவனத்திற் கொள்வது நல்லது.

எமது நாட்டிலும் இந்த வரலாற்றுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. இலங்கைக்குரிய எல்.கே. என்ற ஆள்களம் 1990இல் கிடைத்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கிஹான் டயஸ் அதன் பதிவகத்தை நடத்துவதில் முன்னின்றவர். நாட்டின் நிலை மிகக் கொடியதாயிருந்த அந்நாட்களிலேயே பல்கலைக்கழகத்தாரிடையே மின்னஞ்சல் உலவத் தொடங்கியது. 2010இல் தமிழ் எழுத்தில் 'இலங்கை' என முடியும் ஆள்களமும் சிங்கள எழுத்திலானதும் நடைமுறைக்கு வந்தன. எனினும் பெயர்ச் சேவையகத்தின் புத்தகத்தில் தமிழ்ப் பெயர் தமிழாக இருப்பதில்லை. 2003இல் வகுக்கப்பட்ட முறைப்படி ஆங்கில எழுத்துகளால் ஆன மாறுவேடமொன்றிலேயே அது எழுதப்படுகிறது. தமிழ்ப் பெயரை உறுதிப்படுத்த முயல்வோர், சில பதிவுப் பக்கங்களில் அந்த மாறுவேடத்தையே எழுதவேண்டியிருக்கும்.

2021 பெப்ரவரி 6ஆம் திகதி எல்.கே. பெயர்கள் சிலவற்றின் பதிவுகள் அத்துமீறி மாற்றப்பட்டன. கூகிளின் இலங்கைப் பக்கத்தைத் தேடிச் சென்றவர்களும், நாட்டின் பிரச்சினைகளை எழுதியிருந்த வேறொரு பக்கத்தைக் கண்டனர். அந்தப் பெயர்களின் உரிமையாளர்கள் செய்த தவறு எதுவுமில்லை. விபரக்கொத்திலேயே கைவைக்கப்பட்டால், அதனைப் பார்த்துச் சொல்லப்படும் எந்த உறுதியும் நிலைக்காது என்பதை அன்று கண்டோம்.

ஆகவே இந்த உறுதிப்படுத்தல் எதனை உறுதிப்படுத்துகிறது? நண்பர் நேர்மையானவர் என்பதையன்று. அச்சகம் அவருடையது என்பதையுமன்று. அந்த வேளையில் பெயரின் திறப்பு யார் கையில் இருந்தது என்பதை மட்டுமே. இளைஞர் மனம் வைத்திருந்தால், நண்பரின் அச்சகப் பெயரைத் தமதென்று அதே முறையில் நிரூபித்திருக்கலாம். ஆதலால் பெயரை நிறுவனத்தின் பெயரிலேயே பதிந்துகொள்ளுங்கள். திறப்பை இருவராவது அறிந்திருங்கள். பதிவுக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே ஆள்களத்தில் இல்லாதிருக்கட்டும். இல்லையேல் பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதாக முடியும்.

எல்லாம் சீராகி, நண்பரின் முதற் கடிதம் ஒழுங்காகச் சென்று சேர்ந்த அன்று, அவரிடம் ஒன்றைச் சொல்ல நேர்ந்தது. அவரது பணத்தைக் கவர்ந்தவர் அவருடைய முகவரியைத் திருடவில்லை. ஓரெழுத்து மாறிய இன்னொரு முகவரியையே பயன்படுத்தினார். நாளைக்கு ஓரெழுத்து மாறிய ஓர் ஆள்களப் பெயரையே அவர் வாங்கலாம். அதற்கும் இதே உறுதியும் இதே முத்திரையும் பழுதின்றிக் கிடைக்கும்.

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் ஒரு வரி எழுதினார். வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைக்கவேண்டாம், எமது நூல்களின் பின்னட்டையில் அச்சாகியிருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள் என்று.